பாஞ்சாலங்குறிச்சியை வீழ்த்திய கைகள்

1801 மே 24ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையிடம் விழுந்தது. அதன் பிறகு நடந்ததாக, அந்தப் போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். களத்தில் கிடந்த உடல்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, குற்றுயிராகக் கிடந்த அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்று அவன் சொன்னது பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். தேடிக்கொண்டு ஆட்கள் வந்ததும் துணியை இழுத்துப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போன பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அலறியடித்து ஓடிவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஊமைத்துரையின் மீது மக்கள் வைத்திருந்த பற்றைக் காட்டச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் தேடி வந்தவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். சீருடை போட்ட சிப்பாய்களும் அல்லர். எட்டயபுரம் பாளையத்து ஆட்கள். தேடப்பட்டவர்களுக்கும் தேடியவர்களுக்கும் ஒரே கரிசல் காடு, ஒரே பேச்சு, அம்மையைக் கண்டால் ஒரே நடுக்கம்.

கிளர்ச்சியை அடக்குவதற்கென்றே தனியாகப் படை திரட்டுவதும், அதில் உள்ளூர்க்காரர்களையே பெருவாரியாகச் சேர்ப்பதும் இருபதாம் நூற்றாண்டில், ஏகாதிபத்தியங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பாடத்திட்டமாகவே ஆகிவிட்டன. 1948இல் தொடங்கிய மலாயா அவசரநிலைப் போரில் பிரிட்டிஷ், கூர்க்கா படைகளைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் ஊர்க்காவல் படையினரும் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களும்தாம். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை எதிர்த்து நின்ற ஊர்க்காவல் படையில் இருந்தவர்கள், கிளர்ச்சி செய்த அதே கிகூயு மக்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையோடு நின்ற உள்ளூர் முஸ்லிம்களுக்கு ஹர்க்கிகள் என்று பெயர். ராணுவக் கல்லூரிகள் இந்தப் போர்களைத்தான் பாடமாக வைக்கின்றன. தூத்துக்குடிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில், பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தை யாரும் வைப்பதில்லை. வைத்திருந்தால், மலாயாவிலும் கென்யாவிலும் செய்தவற்றில் பெரும்பகுதி இங்கே 1799க்கும் 1803க்கும் இடையிலேயே செய்து பார்க்கப்பட்டுவிட்டது என்று தெரிந்திருக்கும்.

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அன்று கோட்டை விழவில்லை. அவருடைய அதிகாரிகள் சிலர்தான் விழுந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கிகளும் ஐரோப்பியச் சிப்பாய்களும் வந்து சேருவதற்குள் கட்டபொம்மன் இரவோடு இரவாக வெளியேறிவிட்டார். இதற்குப் பிறகு நடந்த வேட்டையில் கும்பினிப் பட்டாளத்துக்குப் பெரிய பங்கில்லை. கோலார்பட்டியில் அவரை மடக்கிச் சண்டையிட்டவர்கள் எட்டயபுரத்தார். காட்டில் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். கும்பினி தன் கையாலேயே செய்தது தண்டனையைத்தான். கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டுவைத்தது. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னாலேயே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியதில் ஒரு கணக்கு இருந்தது. பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கையில் உத்தரவும் இருந்தது: கோட்டைகளை இடித்துவிட வேண்டும், துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும். உலோகத் தகடுகளில் பொறித்து வைக்கும் அளவுக்கு அந்த உத்தரவுக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள்.

ஒன்றரை வருடம்கூட அது தாங்கவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி மாலை, பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் அதிகாரிகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊமைத்துரையும் அவர் சகோதரர் செவத்தையாவும் கூட்டாளிகளோடு சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மண் கோட்டைதான். ஆனால் அந்த மண்ணைச் சுமக்க எத்தனை ஊர் ஜனம் இறங்கியிருக்க வேண்டும் என்று யோசித்தால், பானர்மனின் தகடுகளுக்கு என்ன மதிப்பிருந்தது என்பது புரிந்துவிடும். மெக்காலே படையோடு வந்து பார்த்தார். எழுந்து நின்ற மதிலைப் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே திரும்பிப் போனார்.

தூத்துக்குடி கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போனது இந்த இடைவெளியில்தான். 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த ஊர் அது. முத்தும் சங்கும் பருத்தித் துணியும் அந்தக் கடற்கரையின் சொத்து. முத்துக்குளிப்பு வருடந்தோறும் நடப்பதில்லை. சிப்பி விளைந்திருக்கிற ஆண்டில் பரதவர்களின் தோணிகளும் வியாபாரிகளும் கூடுகிற அந்தச் சில வாரங்களில் கரையில் அமைதி இருந்தால்தான் அரசுக்குப் பங்கு சேரும். அப்படிப்பட்ட ஊரில் கும்பினி வைத்திருந்தது ஒரு சின்னக் காவல் பிரிவுதான். கிளர்ச்சிக்காரர்கள் வந்தபோது சிப்பாய்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். அவர்களை யாரும் கொல்லவில்லை. அவர்களுடைய இளம் அதிகாரியையும் போக விட்டுவிட்டார்கள். பேகட் என்ற ஆங்கிலேயரைப் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய், அவர் மனைவி வந்து மன்றாடியதும் விடுதலை செய்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் நட்டுவைத்த தலைக்கு இப்படி ஒரு பதில்! இதை எழுதிவைத்தவர்களும் ஆங்கிலேயர்கள்தாம் என்பதால் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட முடியாது.

மார்ச் 31ஆம் தேதி நடந்த முதல் பெருந்தாக்குதல் கும்பினிக்குப் பேரிழப்பு. உடைத்த மதில் வழியே ஏறிய 120 ஐரோப்பியர்களில் காயமில்லாமல் தப்பியவர்கள் 46 பேர்தாம். ஏறியவர்களுக்கு எதிரே ஆளே தெரியவில்லை. ஆனாலும் மேலே போனவர்களெல்லாம் விழுந்தார்கள். கோட்டை விழுந்த பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. கொத்தளங்களின் உட்புறம் குடையப்பட்டிருந்தது. உள்ளே, குண்டு படாத பள்ளத்தில் நின்றுகொண்டு, நீளமான ஈட்டிகளால் மேலே ஏறுகிறவர்களைக் கீழிருந்தே குத்தியிருக்கிறார்கள். பீரங்கி எவ்வளவு மண்ணை உடைத்துத் தள்ளினாலும் ஈட்டி பிடித்தவனைத் தொட முடியாத ஏற்பாடு. இதைக் கண்டு வெல்ஷ் வியந்து எழுதுகிறார். வியப்போடு கூடவே அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லவும் தவறவில்லை.

அடுத்த இரண்டு மாதம் கும்பினி காத்திருந்தது. மலபாரிலிருந்து 77ஆவது ரெஜிமென்ட் வந்தது, பீரங்கிகள் வந்தன, கர்னல் அக்னியூ வந்தார். இந்த நாட்களில் கும்பினி முகாமுக்கு வெளியே எட்டயபுரத்தாரின் ஆட்கள் பெருங்கூட்டமாகச் சுற்றி நின்றார்கள். கோட்டையை உடைத்தது பீரங்கிதான். ஆனால் கோட்டையைவிட்டு வெளியேறுகிறவன் எந்த ஓடை வழியாகப் போவான், எந்த ஊரில் அவனுக்குச் சோறு கிடைக்கும், எவன் வீட்டில் படுப்பான் என்பது பீரங்கிக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்களைத்தான் கும்பினி தன் பக்கம் வைத்திருந்தது.

எட்டயபுரத்தார் ஏன் கும்பினி பக்கம் நின்றார்கள்? தமிழ் மேடைகளில் இதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்குப் பிறகு அந்த விடையை யாரும் மறுபடி யோசிப்பதுகூட இல்லை. எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயரல்ல, அந்தப் பாளையத்தார் வழிவழியாக வைத்துக்கொண்ட பட்டம் என்பதும் மறந்துபோய் வசவாகவே நிலைத்துவிட்டது. துரோகம் என்று சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. பாஞ்சாலங்குறிச்சியாரும் எட்டயபுரத்தாரும் ஒரே ராஜகம்பள நாயக்கர் சமூகம். இரண்டு பாளையமும் எல்லை தொட்டுக் கிடந்தவை. அருங்குளம், சுப்பலாபுரம் போன்ற ஊர்கள் யாருக்கு என்ற தகராறு கும்பினியோடு பகை முற்றுவதற்கு முன்பே இருந்தது. எட்டயபுரத்தார் பார்வையில் இது வெள்ளையனுக்கும் தமிழனுக்குமான போர் அல்ல, பக்கத்துப் பாளையத்தோடு பாக்கி வைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்கைக் கும்பினி படித்துக்கொண்டது. லூஷிங்டன் போன்ற கலெக்டர்களின் திறமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், எந்தப் பாளையத்துக்கு எவன் மேல் வயிற்றெரிச்சல் என்பதைத் தெரிந்துவைத்திருந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

கூலி கைமேல் கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்களைப் பிரித்து எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தைக்குக் கொடுத்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு 1803இல் கீழாநிலை கிடைத்தது. கென்யாவின் வரலாற்றை எழுதிய டேனியல் பிராஞ்ச், மாவ் மாவ் காலத்தில் அரசோடு நின்றவர்கள் நில உரிமையிலும் பதவியிலும் முந்திக்கொண்டதையும், 1957 தேர்தலில் கிகூயு மக்களுக்கு விசுவாசச் சான்று இருந்தால்தான் வாக்கு என்றிருந்ததையும் விரிவாகக் காட்டுகிறார். அவர் சொல்வதன் சாரம்: விசுவாசம் மனத்தில் பிறந்த கொள்கை அல்ல; அந்தந்தக் குடும்பம், அந்தந்த ஊர், அன்றன்றைக்குப் போட்ட கணக்கிலிருந்து அது உண்டானது. எட்டயபுரத்தை நினைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்தால் பல இடங்களில் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும்.

பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் போர் வடக்கே சிவகங்கைக்கு நகர்ந்தது. ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களின் பலம் காளையார்கோவிலைச் சூழ்ந்த காடு. அக்னியூ சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தார். வெட்டுகிறவர்களைக் காக்க ஒரு படை, காக்கிறவர்களுக்குச் சோறு கொண்டுவர இன்னொரு படை, அந்தச் சோற்று வண்டிகளை மறிக்கக் காத்திருக்கும் மருதுவின் ஆட்கள். ஒரு மாதம் வெட்டியும் கோவிலை எட்ட முடியாமல் கைவிட்டார்கள். பீரங்கியும் கோடாரியும் செய்யாததை ஒரு பட்டாபிஷேகம் செய்தது. சிவகங்கை அரச வம்சத்துக்கு உரிமை உள்ளவர் என்று படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைக் கண்டுபிடித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் அவரை ஜமீன்தாராக அறிவித்தார் அக்னியூ. மருதுகள் ஆண்டது சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் பிரதிநிதிகளாகத் தொடங்கித்தான். அரச ரத்தம் இல்லை என்ற குறை உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. இப்போது சிவகங்கைக்காரன் ஒருவன் மருதுவை விட்டு விலகினால் அது கும்பினியோடு சேர்ந்ததாக ஆகாது, தன் ராஜாவோடு சேர்ந்ததாகும். ஆட்கள் கரைந்தார்கள். அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. 24ஆம் தேதி மருதுகளைத் திருப்பத்தூரிலும், நவம்பர் 16ஆம் தேதி ஊமைத்துரையையும் செவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டார்கள்.

என் கணிப்பில் இந்தப் போர் முழுவதிலும் கும்பினி செய்த மிகக் கூர்மையான காரியம் சோழபுரத்துப் பட்டாபிஷேகம்தான். பேராசிரியர் கே. ராஜய்யன் உள்ளிட்டோர் 1800-01ஐத் தென்னிந்தியாவின் பெரும் விடுதலைப் போராகப் பார்க்கிறார்கள்; 1801 ஜூனில் திருச்சியில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை சாதி பேதமில்லாமல் எல்லோரையும் அழைத்தது என்பதால் அந்தப் பார்வைக்கு வலுவான ஆதாரமும் உண்டு. ஆனால் அந்த அறிக்கை அழைத்த ஒற்றுமைக்கும், மூன்று மாதத்தில் ஒரு வாரிசுப் பிரச்சினையில் அது கரைந்ததற்கும் இடையே இருந்த தூரத்தைப் பற்றி நம்மில் அதிகம் பேர் எழுதவில்லை.

போர் முடிந்த பிறகுதான் அடக்குமுறை முழு வடிவம் எடுத்தது. 1801 டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. மீறினால் மரணம் வரை போகும். பாளையக்காரர்கள் காவல் என்ற பெயரில் ஊர்களிடம் வாங்கிவந்த வருமானம் பறிக்கப்பட்டது. தேசகாவலும் ஸ்தலகாவலும் வெறும் வசூல் அல்ல. திருட்டுப் போனால் காவல்காரனே பொறுப்பு. பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். அந்தக் காவல் பணத்தில்தான் பாளையக்காரர் ஆள் வைத்திருந்தார். அந்த ஆட்கள்தாம் ஊமைத்துரைக்குப் பின்னால் நின்றவர்கள். வருமானத்தை எடுத்துவிட்டால் படை தானே பட்டினியாகும். 1803க்குள் எஞ்சிய பாளையங்கள் நிரந்தரப் பேஷ்குஷ் கட்டும் ஜமீன்களாயின. போரிடத் தெரிந்தவர்கள் வரி கட்டத் தெரிந்தவர்களாக மாற்றப்பட்டார்கள்.

மிச்சமிருந்தவர்களுக்கு நாடு கடத்தல். 1802 பிப்ரவரி 11ஆம் தேதி தூத்துக்குடித் துறையிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் 73 பேரைப் பினாங்குக்கு ஏற்றினார்கள். சின்ன மருதுவின் மகன், பதினைந்து வயதுப் பையன் துரைசாமி அவர்களில் ஒருவன். அப்போது துறைமுகத்தில் பொறுப்பில் இருந்தவர் அதே வெல்ஷ். போருக்கு முன்பு சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு விலங்கு பூட்டிய கப்பலையும் அவர்தான் வழியனுப்பினார். 1818இல் பினாங்கில் துரைசாமியை மறுபடி பார்த்தார்; அடையாளம் தெரியாத அளவுக்குக் கிழடு தட்டிப்போயிருந்ததாக எழுதியிருக்கிறார். வருத்தம் தொனிக்கிறது. ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அல்லது செய்யவில்லை.

பாளையத்து ஆட்களை ஏவிவிட்டு அடக்குவது ஒரு தடவைக்கான ஏற்பாடு. அதை நிரந்தரத் துறையாக்கியது 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். அதற்குப் பிறகு இதே மண்ணில் கலகம் வந்தபோதெல்லாம் பழைய உத்தியின் ஒரு துண்டு திரும்பி வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை ஒட்டித் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எழுச்சி வெடித்தபோது, கூடுதல் போலீஸை நிறுத்தி அதன் செலவை ஊரார் தலையில் கட்டினார்கள். (வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் செத்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இருக்கின்றன.) 1921 மாப்பிளைக் கிளர்ச்சியில் மலப்புரத்தைத் தலைமையிடமாக வைத்து எழுப்பிய மலபார் ஸ்பெஷல் போலீஸ், ராணுவத்துக்கும் சாதாரணப் போலீசுக்கும் நடுவில் நிற்கிற, கலகம் அடக்குவதையே தொழிலாகக் கொண்ட படை. அல்லூரி சீதாராம ராஜுவின் ரம்பா கிளர்ச்சிக்கும் அதைத்தான் அனுப்பினார்கள். 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில், போர்க்கால அவசரச் சட்டத்தால் அமைந்த சிறப்பு நீதிமன்றம் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்கு விதித்தது. அவர்களைத் தூக்கிலிடுவதற்குள் ஆட்சியின் நாட்களே எண்ணப்பட்டுவிட்டன.

விசுவாசிகளின் கதை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1801இல் கும்பினி வந்துகொண்டிருந்தது. அதோடு நின்றவர்களுக்கு எதிரே ஒன்றரை நூற்றாண்டு பாதுகாப்பு இருந்தது. 1962இல் பிரான்ஸ் போய்க்கொண்டிருந்தது. ஹர்க்கிகளில் பெரும்பாலோரை அல்ஜீரியாவிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறியது. ஆயிரக்கணக்கானவர்கள் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டார்கள். கென்யாவில் விசுவாசிகள் புதிய அரசிலேயே இடம்பிடித்தார்கள். எட்டயபுரம் சமஸ்தானமோ இரண்டும் இல்லாமல், சங்கீதத்தையும் தமிழ்ப் புலவர்களையும் ஆதரித்துக்கொண்டு, சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்த அரசவையாக இருந்துகொண்டு, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து பிரித்துக் கொடுத்த ஊர்களுக்கும் அந்தச் சட்டத்தால்தான் ஜமீன் போயிற்று. 1974இல் தமிழக அரசு கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைக் கட்டியபோது அதைச் சுற்றியிருந்த நிலங்களுக்குப் பட்டா வைத்திருந்தவர்கள் பாளையக்காரர்களும் இல்லை, ஜமீன்தார்களும் இல்லை, விவசாயிகள்.